எகிப்து லீக், 2011–12: காலியாகக் கிடக்கும் அந்த வரி

உங்கள் கேள்வி பார்ப்பதற்குச் சிறியது. எகிப்து பிரிமியர் லீக்கின் சாம்பியன்களை வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறீர்கள். 2010–11இல் அல் அஹ்லி. 2013–14இல் மறுபடியும் அல் அஹ்லி. நடுவில் 2011–12, 2012–13 என்ற இரண்டு வரிகளும் காலி. “2011–12இல் லீக் நடக்கவே இல்லையா, அல்லது நடந்தும் சாம்பியன் இல்லையா? அந்த இடத்தில் என்ன எழுதுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் சொல்வதானால், லீக் நடந்தது, பாதியில் நின்றது, பிறகு ரத்தானது. அதனால் சாம்பியன் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது அந்த ஒரு வரியை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். பட்டியலில் ஒரு வரி காலியாக இருந்தால் அந்த ஆண்டு கால்பந்தே இல்லை என்று வாசகர் எண்ணிக்கொள்வார். எகிப்தின் 2011–12 விஷயத்தில் அதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிநாட்டு லீக் முடிவுகளைத் தொகுத்தவன். ஆப்பிரிக்க லீக்குகளை அங்கே யாரும் விரும்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். 1990 உலகக் கோப்பையில் நெதர்லாந்தை எகிப்து 1–1 என்று டிரா செய்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அந்த நாட்டின் மேல் ஒரு பிடிப்பு. மக்தி அப்தெல்கனி பெனால்டியில் கோல் போட்டதும் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஓடிய ஓட்டம் இன்றும் கண்ணில் நிற்கிறது. பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒன்று தெரிந்தது. அந்த உலகக் கோப்பைக்குத் தேசிய அணி தயாராக வேண்டும் என்பதற்காகவே எகிப்து தன் 1989–90 லீக்கைக் கைவிட்டிருந்தது. ஆக, எனக்கு இந்த ஆசையைத் தந்த ஆட்டமே ஒரு காலி வரியிலிருந்து வந்ததுதான். நான் சொல்லப்போவது அந்தத் தொகுப்பு வேலையில் சேர்ந்த அறிவு. அந்த லீக்கை நிறுத்திய கலவரம் நடந்த போர்ட் சயீது மைதானத்தில் நான் நின்றதில்லை. அரபு மொழியும் படிக்கத் தெரியாது. அன்றன்று வந்த செய்திகள், விசாரணையில் வெளிவந்தவை, தீர்ப்புகள் பற்றிய செய்திகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து நிலைத்து நின்றதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த சீசன் தொடங்கிய விதம். 2011 ஜனவரியில் எகிப்தில் புரட்சி வெடித்தபோது 2010–11 லீக் நடுவழியில் நின்றது. ஏப்ரலில் மீண்டும் தொடங்கி முடிந்தது. அல் அஹ்லி வென்றது. அது அவர்களுக்குத் தொடர்ந்து ஏழாவது பட்டம். ஆனால் அவ்வளவு குழப்பமான ஆண்டில் யாரையும் கீழ் டிவிஷனுக்கு இறக்குவது நியாயமில்லை என்று முடிவானதால் கடைசி மூன்று கிளப்புகளும் தப்பின. கீழேயிருந்து ஏறி வர வேண்டிய மூன்றும் வந்து சேர்ந்தன. இப்படித்தான் 2011–12இல் 19 அணிகள் என்ற விசித்திரமான எண் வந்தது. ஒற்றைப்படை எண் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணி சும்மா இருந்தாக வேண்டும். அட்டவணை போடுகிறவனுக்கு இது பெரிய தலைவலி. அப்படித் தப்பிய மூன்றில் ஒன்று, கெய்ரோவின் அல் மொகாவ்லூன். பின்னால் வரும் ஒரு பையனுக்காக அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லீக் 2012 பிப்ரவரி 1 அன்று நின்றது. அன்று போர்ட் சயீதில் அல் மஸ்ரிக்கும் அல் அஹ்லிக்கும் ஆட்டம். போர்ட் சயீது, சூயஸ் கால்வாயின் வடக்கு வாயில் இருக்கும் துறைமுக நகரம். அல் மஸ்ரி அந்த நகரத்தின் கிளப், 1920இல் தொடங்கியது. அல் அஹ்லி கெய்ரோவின் கிளப், 1907இல் தொடங்கியது. நாட்டிலேயே அதிகக் கோப்பைகளும் அதிக ரசிகர்களும் உள்ளது. கெய்ரோவுக்குத்தான் எல்லாம் கிடைக்கிறது என்ற மனத்தாங்கல் கால்வாய் நகரங்களுக்கு நெடுநாளாக உண்டு. 1956 சூயஸ் போரில் குண்டு விழுந்தது போர்ட் சயீதில். 1967 போருக்குப் பிறகு மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியதும் இந்தக் கால்வாய்க் கரை நகரங்களிலிருந்துதான். அந்தப் பழைய மனக்கசப்பு இந்த இரண்டு கிளப்புகளின் ஆட்டங்களில் வந்து அமர்ந்துகொள்ளும்.

ஆட்டத்தில் அல் அஹ்லி முதலில் முன்னிலை பெற்றது. இரண்டாம் பாதியில் அல் மஸ்ரி மூன்று கோல் போட்டு 3–1 என்று ஜெயித்தது. ஊர் அணி ஜெயித்துவிட்டது, அதுவும் அல் அஹ்லியை. கொண்டாட வேண்டிய நேரம். ஆனால் இறுதி விசில் ஊதியதும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். கத்தியும் தடியும் வைத்திருந்தவர்கள் எதிர்ப்பக்க ரசிகர்கள் உட்கார்ந்திருந்த மாடத்தை நோக்கி ஓடினார்கள். தோற்ற ஊரின் கோபத்தில் கலவரம் நடப்பதை நான் பல லீக்குகளில் தொகுத்திருக்கிறேன். ஜெயித்த ஊரின் ரசிகர்கள் தோற்றவர்களைத் துரத்தியதைப் பதிவு செய்தது எனக்கு அதுவே முதல் முறை.

அன்றிரவு எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். கெய்ரோ நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். அந்த ஆட்டம் முடிந்தபோது இங்கே இரவு நன்றாக ஏறியிருந்தது. பக்கம் முடியும் தறுவாயில் இருந்தது. பக்கத்தின் அடியில் நான்கு வரி இடம் மிச்சம். அதில் “எகிப்து லீக்: அல் மஸ்ரி 3, அல் அஹ்லி 1” என்று போட்டிருந்தேன். சிறிது நேரத்தில் செய்தி நிறுவனத்தின் வரிகளில் சாவு எண்ணிக்கை வரத் தொடங்கியது. ஒவ்வொரு வரியும் முந்தைய எண்ணைப் பொய்யாக்கியது. நான் அந்த நான்கு வரியை எடுத்துவிட்டேன். செய்தி முதல் பக்கத்துக்குப் போனது. கடைசியில் 70ஐத் தாண்டியபோது மேசையில் யாரும் பேசவில்லை. ஒரு கால்பந்து ஆட்டத்தின் முடிவை அச்சிலிருந்து எடுத்தது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு முறைதான்.

எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் இது. இறந்தவர்கள் 74 பேர் என்பது அரசு சொன்ன எண். அல் அஹ்லியின் அல்ட்ராஸ் ரசிகர் குழு, தங்கள் தியாகிகள் என்று 72 பேரைக் கணக்கு வைத்திருக்கிறது. அதனால் நீங்கள் இரண்டு எண்களையும் பார்ப்பீர்கள். எழுதுவதானால் எந்தக் கணக்கு என்று சேர்த்து எழுதுங்கள். காயமடைந்தவர்கள் 500 பேருக்கு மேல். அல் அஹ்லி ரசிகர்கள் இருந்த பகுதியிலிருந்து வெளியேறும் இரும்புக் கதவு திறக்கவில்லை. அது வெல்டிங் வைத்து மூடப்பட்டிருந்தது என்று அரசுத் தரப்பே சொன்னது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் விளக்குகள் அணைந்தன. போலீஸ் வரிசையாக நின்றது, தடுக்கவில்லை. இது உலகம் முழுவதும் ஒளிபரப்பான காட்சிகளிலேயே தெரிந்தது. அடித்தும் மேலிருந்து தள்ளியும் கொல்லப்பட்டவர்கள் உண்டு. ஆனால் இருட்டில் அந்தக் கதவை நோக்கிப் படிகளில் இறங்கி, ஒருவர் மேல் ஒருவர் நெரிந்து மூச்சுத் திணறிச் செத்தவர்கள் மிகப் பலர். கதவைச் சற்று நினைத்துப் பாருங்கள். மேலே துரத்துகிறார்கள், கீழே கதவு. பின்னால் வருகிறவனுக்கு முன்னால் கதவு மூடியிருப்பது தெரியாது. அவன் தள்ளிக்கொண்டே இருப்பான். முன்னால் இருக்கிறவனுக்குத் திரும்ப இடமில்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். பள்ளிக்கூடப் பையன்களும் இருந்தார்கள்.

இது திட்டமிட்ட பழிவாங்கலா என்பதுதான் உறுதியில்லாதது. அல்ட்ராஸ் குழுவினர் அப்படித்தான் நம்புகிறார்கள், அவர்களின் நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. 2007இல் உருவான அந்தக் குழு, முபாரக் ஆட்சியின் போலீஸோடு மைதான வாசல்களில் ஆண்டுக்கணக்கில் மோதிப் பழகியது. 2011 புரட்சியின்போது தஹ்ரீர் சதுக்கத்தில் போலீஸையும் ஆட்சியின் அடியாட்களையும் எதிர்த்து நிற்கத் தெரிந்த சிலரில் இந்தக் கால்பந்து ரசிகர்களும் ஒரு பகுதி. ஆட்சியின் ஆதரவாளர்கள் குதிரையிலும் ஒட்டகத்திலும் ஏறி வந்து சதுக்கத்துக் கூட்டத்தைத் தாக்கிய நாள் 2011 பிப்ரவரி 2. போர்ட் சயீது நடந்தது அதன் முதலாண்டு நிறைவுக்கு முந்தைய இரவு. தேதிகள் இப்படிப் பொருந்துவதால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் தேதி பொருந்துவது சாட்சியம் ஆகாது. அல் அஹ்லி ரசிகர்கள் அந்த நகரத்து ஆண்களை இழிவுபடுத்தும் பதாகையை விரித்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. இரு தரப்பு ரசிகர்களின் பகை, பாதுகாப்புக் கடமையில் மன்னிக்க முடியாத அலட்சியம் என்ற இரண்டையும் ஆவணங்களைக் கொண்டு என்னால் சொல்ல முடியும். அதற்கு மேல் ஒரு கை இருந்ததா என்பதற்கு நான் பார்த்த எதுவும் போதவில்லை. ஆனால் கதவை மூடியது ரசிகர்கள் இல்லை என்பதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

அல் அஹ்லி வீரர்கள் உடை மாற்றும் அறைக்குள் ஓடினார்கள். போர்ச்சுக்கல்காரரான அவர்களின் பயிற்சியாளர் மனுவேல் ஜோசே அடிபட்டார். காயமடைந்த ரசிகர்களை அந்த அறைக்குள் தூக்கி வந்தார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். தன் கண் முன்னால் ஒரு ரசிகன் இறந்ததை முகமது அபுத்ரிகா சொன்னார். எகிப்தில் அவரைப் போல நேசிக்கப்பட்ட ஆட்டக்காரர் அந்தத் தலைமுறையில் வேறு யாருமில்லை. அவரும், முகமது பரகாத்தும், இமாத் மொத்தெப்பும் இனி ஆடுவதில்லை என்று அறிவித்தார்கள். அதே நேரத்தில் கெய்ரோவில் ஜமாலெக்–இஸ்மாயிலி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. போர்ட் சயீதுச் செய்தி வந்ததும் அது இடைவேளையோடு நிறுத்தப்பட்டது. நீங்கள் அந்த சீசனின் முடிவுகளைத் தேடினால் கடைசியாக நிற்கும் பாதி ஆட்டம் அதுதான்.

மறுநாள் நாடாளுமன்றம் அவசரமாகக் கூடியது. கால்பந்துச் சங்கத்தின் நிர்வாகக் குழு கலைக்கப்படுவதாகப் பிரதமர் கமால் கன்சூரி அறிவித்தார். கெய்ரோவில் உள்துறை அமைச்சகத்தைச் சுற்றிப் பல நாள் மோதல் நடந்து மேலும் உயிர்கள் போயின. மார்ச் 10 அன்று லீக் ரத்து என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. அல் மஸ்ரிக்குத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த சீசனில் அவர்கள் ஆடவில்லை, 2013–14இல்தான் திரும்பினார்கள். ரத்து என்றால் அதுவரை ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள் செல்லாது. பட்டமும் இல்லை, கீழே இறக்கமும் இல்லை.

நீதிமன்றம் வந்தபோது கதை முடியவில்லை, இன்னொரு கதை தொடங்கியது. 73 பேர் மேல் வழக்கு. அவர்களில் ஒன்பது பேர் போலீஸ் அதிகாரிகள். 2013 ஜனவரி 26 அன்று 21 பேருக்கு மரண தண்டனை என்று வந்ததும் போர்ட் சயீது கொதித்தது. சிறைச்சாலையை முற்றுகையிட்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. அன்று மட்டும் 30 பேரளவில் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் முர்சி மூன்று கால்வாய் மாவட்டங்களிலும் நெருக்கடி நிலை அறிவித்தார். மார்ச்சில் மீதித் தீர்ப்பு வந்தது. போலீஸ் அதிகாரிகளில் ஏழு பேர் விடுதலை. இந்த முறை கொதித்தது கெய்ரோ. கால்பந்துச் சங்கத்தின் தலைமையகம் தீக்கிரையானது. மறுவிசாரணை நடந்து, கடைசியில் 2017 பிப்ரவரியில் உச்சநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்து மரண தண்டனைகளை உறுதி செய்தது. ஒரே தீர்ப்புத் தொகுப்பில் ஒரு நகரம் ஒரு பாதிக்காகவும் இன்னொரு நகரம் மறு பாதிக்காகவும் எரிந்தது. இரண்டு நகரங்களிலும் தாய்மார்கள் புகைப்படங்களை ஏந்தி நின்றார்கள். போர்ட் சயீதின் துயரத்தை மறைத்து இந்தக் கதையைச் சொல்லும் கட்டுரைகளை நான் முழுக்க ஏற்பதில்லை.

இனி, அந்தக் காலி வரிக்குள் நடந்த கால்பந்து. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. லீக் இல்லை, ஆனால் அல் அஹ்லி ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் பதிவாகியிருந்தது. உள்ளூரில் ஆட்டமே இல்லாத ஒரு அணி, வாராவாரம் ஆடிக்கொண்டிருக்கும் அணிகளோடு மோத வேண்டும். பயிற்சி முகாம், சில நட்பு ஆட்டங்கள் தவிரக் காலுக்கு வேலையே இல்லை. மாலியின் ஸ்டாட் மாலியனிடம் வெளியூரில் 0–1 என்று தோற்றார்கள். மே மாதம் கெய்ரோவில் மறு ஆட்டம், 3–1. மூன்று கோலும் அபுத்ரிகா. ஆடமாட்டேன் என்று சொன்னவர் திரும்பி வந்து போட்ட கோல்கள் அவை. மனுவேல் ஜோசே அத்தோடு விடைபெற, ஹொசாம் அல் பத்ரி பொறுப்பேற்றார்.

செப்டம்பரில் இன்னொரு சோதனை. சூப்பர் கோப்பை ஆட்டத்தை ரசிகர்கள் இல்லாமல் நடத்த முடிவானது. இறந்தவர்களுக்கு நீதி கிடைக்கும் முன் உள்நாட்டில் எந்த ஆட்டமும் கூடாது என்பது அல்ட்ராஸ் குழுவின் நிலை. அபுத்ரிகா அவர்கள் பக்கம் நின்று, தன் சொந்த அணிக்கு ஆட மறுத்தார். கிளப் அவருக்கு அபராதமும் தடையும் விதித்தது. அணி அவர் இல்லாமலே என்ப்பி கிளப்பை 2–1 என்று வென்றது. இதில் யார் சரி என்று என்னைக் கேட்டால், அபுத்ரிகாதான் சரி என்பேன். ஆனால் ஆடிய மற்றவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆட்டம் நின்று மாதக்கணக்கில் சம்பளம் தடைப்பட்ட சிறிய கிளப்புகளின் ஆட்டக்காரர்களுக்கு லீக் திரும்புவது சோற்றுக்கான கேள்வி.

நவம்பர் 4 அன்று அலெக்சாந்திரியாவுக்கு அருகே போர்க் அல் அரப் மைதானத்தில் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம். துனிசியாவின் எஸ்பெரான்ஸ் நடப்புச் சாம்பியன். ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் போட்டு அல் அஹ்லி 1–1 என்று தப்பியது. எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். நவம்பர் 17 அன்று துனிஸில், எதிரியின் கூட்டத்துக்கு முன்னால், கெத்தோவும் வலீத் சுலைமானும் கோல் போட, 2–1 என்று ஜெயித்தார்கள். லீக் இல்லாத நாட்டின் அணி ஆப்பிரிக்கச் சாம்பியன். இது தற்செயல் என்பவர்களுக்கு அடுத்த ஆண்டே பதில் இருக்கிறது. 2012–13 லீக், பல முறை தள்ளிப்போய், போர்ட் சயீதின் முதலாண்டு நினைவு நாளுக்கு மறுநாள் 2013 பிப்ரவரி 2 அன்று, 18 அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ரசிகர்கள் இல்லாமல் தொடங்கியது. ஜூலையில் ராணுவம் முர்சியை அகற்றிய கொந்தளிப்பில் அதுவும் ரத்தானது. அந்த ஆண்டும் அல் அஹ்லி ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. தென்னாப்பிரிக்காவின் ஆர்லாண்டோ பைரேட்ஸோடு 1–1, 2–0. இரண்டு ஆட்டங்களிலும் அபுத்ரிகா கோல் போட்டார். உங்கள் பட்டியலில் காலியாக இருக்கும் இரண்டு ஆண்டுகளும், ஆப்பிரிக்கச் சாம்பியன் பட்டியலில் எகிப்தின் பெயர் இருக்கும் ஆண்டுகள்.

எகிப்தில் இது முதல் முறையும் இல்லை. 1966–67 லீக்கை இஸ்மாயிலி வென்றது. அதுவும் கால்வாய்க் கரை நகரத்துக் கிளப். 1967 போர் வந்து லீக் ஆண்டுக்கணக்கில் நின்றது, நகரமே காலியானது. ஊரை இழந்த அந்த அணி 1969ஆம் ஆண்டுக்கான ஆப்பிரிக்கச் சாம்பியன் கோப்பையில் இறுதிவரை போய், காங்கோவின் எங்கிள்பெர்ட்டை இரண்டு ஆட்டங்களிலுமாக 5–3 என்று வீழ்த்தியது. கோப்பையை வென்ற முதல் எகிப்து அணி அதுதான். எங்கிள்பெர்ட்தான் பிற்காலத்து டி.பி. மசெம்பே. 2012இல் அல் அஹ்லி குழுச் சுற்றில் சந்தித்த அணிகளில் அதுவும் ஒன்று. இதனால் என் நோட்டில் காலி வரிகளுக்கு வேறு வேறு குறி வைத்திருக்கிறேன். 1967க்குப் பிந்தைய போர் ஆண்டுகள், தேசிய அணிக்காகக் கைவிட்ட 1989–90, மைதானக் கலவரத்தால் நின்ற 1971–72, அக்டோபர் போரால் நின்ற 1973–74 என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே கோடு போட்டால் தவறாகிவிடும்.

முன்னால் சொன்ன அல் மொகாவ்லூன் பையனுக்கு வருகிறேன். நாக்ரிக் என்ற கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறிக் கெய்ரோவுக்குப் பயிற்சிக்கு வந்துபோன முகமது சலா. லீக் நின்றதால் எகிப்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆட்டம் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் அவர்களோடு 2012 மார்ச்சில் ஒரு நட்பு ஆட்டம் வைத்தது. இரண்டாம் பாதியில் இறங்கிய சலா இரண்டு கோல் போட்டார். எகிப்து 4–3 என்று ஜெயித்தது. சில வாரங்களில் பாசெல் அவரை ஒப்பந்தம் செய்தது. அதே மொகாவ்லூனிலிருந்து முகமது எல்நெனி 2013 ஜனவரியில் பாசெலுக்குப் போனார். கெத்தோவும் அகமது ஃபத்தியும் இங்கிலாந்தின் ஹல் சிட்டிக்கு, அபுத்ரிகா அமீரகத்தின் பனியாஸுக்கு என்று அந்த மாதத்தில் வரிசையாக வெளியேறினார்கள். பனியாஸில் அபுத்ரிகா தேர்ந்தெடுத்த சட்டை எண் 72. லீக் நிற்காவிட்டால் சலா ஐரோப்பாவுக்கே போயிருக்க மாட்டார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. பாசெல் அவரை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்தது. அவர் போன நேரத்தையும் வழியையும் அந்த ரத்து தீர்மானித்தது என்பது வரை சொல்லலாம்.

தேசிய அணி விலை கொடுத்தது. அமெரிக்கரான பாப் பிராட்லி பயிற்சியாளர். ஆட்டப் பழக்கம் இல்லாத அணி 2012 ஜூனில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிடம் சொந்த மண்ணிலேயே 2–3 என்று தோற்று, 2013 ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி இழந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு, கானாவிடம் குமாசியில் 1–6 என்று நொறுங்கியது. அல் அஹ்லி இரண்டு கோப்பை வென்ற அதே காலத்தில் இது நடந்தது. லீக் இல்லாமல் கிளப் வெல்லலாம், தேசிய அணி வெல்லாது என்று இதிலிருந்து விதி எழுத முடியாது. தினமும் ஒன்றாகப் பயிற்சி செய்யும் கிளப்புக்கும், அவ்வப்போது கூடும் அணிக்கும் ஆட்டப் பஞ்சம் ஒரே மாதிரி வலிக்காது என்பது என் ஊகம்.

ரசிகர்களை மைதானத்துக்குத் திரும்ப அழைக்க நடந்த முயற்சியும் ரத்தத்தில்தான் போய் முடிந்தது. 2015 பிப்ரவரி 8 அன்று கெய்ரோவில் ஜமாலெக்–என்ப்பி ஆட்டத்துக்கு வந்தவர்களைக் கம்பி வேலியிட்ட குறுகிய இரும்பு வழியில் விட்டார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. 20 பேரளவில் இறந்தார்கள். உள்ளே ஆட்டம் நடந்தது. ஜமாலெக்கின் ஒமர் காபர் மட்டும் ஆட மறுத்தார். மூன்றாண்டுகளுக்கு முன் மூடிய கதவு. இப்போது குறுகிய வழி. இந்த இரண்டையும் நான் தனித்தனிச் சம்பவங்களாகப் பார்க்கவில்லை.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். 2011–12க்கு எதிரே “ரத்து – 1.2.2012 அன்று நின்றது” என்றும், 2012–13க்கு எதிரே “ரத்து – 2013 ஜூலை” என்றும் எழுதுங்கள். வெறும் கோடு வேண்டாம். அல் அஹ்லியின் தொடர் பட்டங்களை எண்ணும்போது 2004–05 முதல் 2010–11 வரை ஏழு. 2013–14ஐச் சேர்த்து எட்டு என்று சிலர் எண்ணுவார்கள், முடிவடைந்த லீக்குகளை மட்டும் கணக்கில் எடுத்தால் அதுவும் சரி. எந்த முறை என்று அடியில் ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள். 2014–15இல் ஜமாலெக் ஜெயித்து அந்த வரிசையை முறித்தது. அடுத்து நீங்கள் ஆட்டக்காரர்களின் கோல் கணக்குக்குப் போனால் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் கிடைக்கும், குழம்ப வேண்டாம். ரத்தான ஆட்டங்களில் போட்ட கோல்களைச் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் விடுகிறார்கள். சலாவின் மொகாவ்லூன் காலக் கணக்கிலும் இந்தச் சிக்கல் வரும். நான் சேர்த்து எழுதி, பக்கத்தில் நட்சத்திரக் குறி வைக்கிறேன். புள்ளிகள் செல்லாமல் போகலாம், ஆனால் பந்து வலைக்குள் போனது உண்மை. அந்த வழக்கப்படி, அன்றிரவு நான் பக்கத்திலிருந்து எடுத்த அல் மஸ்ரி 3, அல் அஹ்லி 1 என்ற முடிவும் என் நோட்டில் அதன் தேதிக்கு நேரே இருக்கிறது.